இது சங்கத்தில் பேச வேண்டிய விஷயம்தான்!



சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். போனஸைப் பற்றிப் பேசுகிறோம். பஞ்சப்படி, வேலை நேரம், கூலி உயர்வு, மழைக்கால நிவாரணம் எல்லாவற்றையும் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. யாராவது பேச்செடுத்தால், "அது பொம்பளைங்க சமாச்சாரம், அதையெல்லாம் சங்கத்திலே பேசுவாங்களா?" என்று தலையைத் திருப்பிக்கொள்கிறோம்.

பேசத்தான் வேண்டும். ஏன் என்று சொல்லுகிறேன்.

தூத்துக்குடி வட்டாரத்தில் ஒரு உப்பளத் தொழிலாளியின் வீட்டை எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்று புருஷனும் பெண்சாதியும் விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள். நன்றாகப் படிக்கிறவள். ஒருநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பதினைந்து நாள் ஆயிற்று. "என்ன அண்ணாச்சி, பிள்ளை பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டால், "பெரிய மனுஷி ஆயிட்டா" என்கிறார் தகப்பனார். அதற்கு மேல் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது!

என்ன புரிந்தது? பிள்ளைக்கு நோயா? இல்லை. பரீட்சையில் தோற்றாளா? இல்லை. அவள் உடம்பு வளர்ந்தது. அவ்வளவுதான். பையன் வளர்ந்தால் மீசை முளைக்கிறது. மீசை முளைத்த பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் நிறுத்துவதில்லை. பெண் பிள்ளை வளர்ந்தால் மட்டும் படிப்பு நிற்கிறது. இது என்ன நியாயம்?

தீட்டு அல்ல, இரத்தம்

விஷயத்தை விளங்கிக்கொள்வோம். பெண்ணின் வயிற்றில் கருப்பை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒரு கரு வந்து தங்கக்கூடும் என்று கருப்பை உள்ளே மெத்தைபோல் ஒரு படலத்தைத் தயார் செய்கிறது. கரு தங்கவில்லை என்றால் அந்தப் படலம் தேவையில்லை. கரைந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுதான் மாதவிடாய். சுமார் 28 நாளுக்கு ஒருமுறை வரும். சிலருக்குக் கொஞ்சம் முன்னே, சிலருக்குப் பின்னே. வயசுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருஷம் கணக்குத் தப்பி வருவது சகஜம். மூன்று நாளிலிருந்து ஏழு நாள் வரை இருக்கும். ஏழு நாளைத் தாண்டி அதிகமாகப் போனால், வலி தாங்க முடியாமல் இருந்தால், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மந்திரிக்கிறவனிடம் அல்ல.

இதில் அழுக்கு எங்கே இருக்கிறது? பாவம் எங்கே இருக்கிறது? நீங்களும் நானும் தாயின் வயிற்றில் பத்து மாதம் கிடந்தது அந்த மெத்தையில்தான். நம்மைத் தாங்கிய அதே படலத்தை, நாம் தங்காத மாதத்தில் "தீட்டு" என்று ஒதுக்கி வைக்கிறோம்.

போகிற இரத்தத்தோடு உடம்பின் இரும்புச் சத்தும் போகிறது. நல்ல சாப்பாடு இருந்தால் அதை ஈடு செய்யலாம். இல்லாதவன் வீட்டில் என்ன செய்வது? 2019-21-ம் வருஷத்திய தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 வயசிலிருந்து 49 வயசு வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பாதிக்குப் பாதிக்கும் மேலே! நாள் முழுதும் நடவு வயலில் குனிந்து நிற்பவளும், மில்லில் நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி இணைப்பவளும் இதில்தான் இருக்கிறார்கள்.

மூன்று பிள்ளைகள்

"இதெல்லாம் பழங்காலத்துக் கதை, இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். பழங்காலத்துக் கதையா? சமீப வருஷங்களில் நம் தமிழ்நாட்டில் நடந்த மூன்று விஷயங்களைச் சொல்லுகிறேன்.

2017 ஆகஸ்ட். தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே, தென்னாட்டின் பள்ளிக்கூட நகரம் என்று பெயர் பெற்ற பாளையங்கோட்டை. ஏழாம் வகுப்புப் படித்த 12 வயசுச் சிறுமி. வகுப்பில் இருக்கும்போது மாதவிடாய் வந்து உடுப்பில் கறை பட்டுவிட்டது. வகுப்பின் முன்னால் தனக்கு அவமானம் நேர்ந்துவிட்டது என்று எழுதி வைத்துவிட்டு அந்தக் குழந்தை உயிரை விட்டது. ஒரு துண்டுத் துணியும், "பரவாயில்லை அம்மா, உட்கார்" என்ற ஒரு வார்த்தையும் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்!

2018 நவம்பர். கஜா புயல். பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காடு கிராமம். வயசுக்கு வந்த சிறுமியை வழக்கப்படி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள். புயலில் தென்னை மரம் குடிசையின் மேல் சாய்ந்தது. பிள்ளை போய்விட்டது. அவளை ஒதுக்கி வைத்த குடும்பம் கல்நெஞ்சக் குடும்பம் அல்ல. நம்மைப் போன்ற ஏழைக் குடும்பந்தான். ஊர் வழக்கத்துக்குப் பயந்தது. வழக்கம் பிள்ளையை வாங்கிக்கொண்டது.

2025 ஏப்ரல். கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம் செங்குட்டைப்பாளையம். எட்டாம் வகுப்பு மாணவி; தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிள்ளை. வயசுக்கு வந்த சில நாட்களில் பரீட்சை. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடித்ததால்தான் உலகம் அறிந்தது. பிறகு தலைமையாசிரியை தற்காலிக நீக்கம், போலீஸ் வழக்கு எல்லாம் வந்தன. படம் பிடிக்கப்படாத படிக்கட்டுகள் எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

ஒன்று நகரம், ஒன்று கிராமம், ஒன்று தனியார் பள்ளிக்கூடம். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். வளர்ந்த பெண்ணின் உடம்பைக் குற்றமாகப் பார்க்கிற கண்.

நின்ற பிள்ளை எங்கே போகிறாள்?

இங்கேதான் இது சங்கத்து விஷயமாகிறது. கவனமாகக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிள்ளை வீட்டில் சும்மா இருப்பதில்லை. ஏழை வீட்டில் சும்மா இருக்க முடியாது. கடற்கரையூர்ப் பிள்ளையானால் கருவாடு காய வைக்கவும், மீன் பதனிடும் கம்பெனிக்குப் போகவும் வேண்டும். கோவில்பட்டிப் பக்கமானால் தீப்பெட்டி வேலை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமானால் நடவுக்கும் களைக்கும் தாயோடு போக வேண்டும். தூத்துக்குடி, முள்ளக்காடு, ஆறுமுகநேரி பக்கமானால் இருக்கவே இருக்கிறது அளம்.

அளத்தில் என்ன இருக்கிறது? கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி. மரம் இல்லை, நிழல் இல்லை, மறைவு இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று வாருபலகை இழுக்கிறாள், பெட்டியில் உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறாள். ஒதுங்க ஒரு கழிப்பிடம் இல்லாத அளங்கள் எத்தனையோ! அதனால் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கொளுத்துகிற வெயிலில், உப்புக் காற்றில், தண்ணீர் குடிக்காமல்! நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் வராமல் என்ன செய்யும்? மாதவிடாய் நாட்களில் துணியை மாற்ற இடமில்லாமல், உப்பேறிய துணி தொடையை அறுக்க, நாள் முழுதும் அப்படியே நிற்கிறாள். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களுக்கே வந்து பார்த்து 1979-ல் "கரிப்பு மணிகள்" என்ற நாவலை எழுதினார். ஊருக்கெல்லாம் ருசி கொடுக்கிற உப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை எழுத ஒரு பெண் வர வேண்டியிருந்தது.

அளம் வேண்டாம் என்றால் பஞ்சாலை. தெற்குச் சீமைக் கிராமங்களுக்குத் தரகர்கள் வந்து, "மூணு வருஷம் மில்லிலே இருக்கட்டும், கடைசியிலே மொத்தமாப் பணம் வரும், கல்யாணத்தை முடிச்சிடலாம்" என்று ஆசை காட்டிப் பிள்ளைகளைக் கொங்கு நாட்டுக்கும் திண்டுக்கல் பக்கத்துக்கும் அழைத்துப் போன கதை உங்களுக்குத் தெரியும். அதற்கு "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர்! மில்லுக்குள்ளேயே விடுதி, வெளியே போக அனுமதி இல்லை, மூன்று வருஷம் முடியுமுன் நோயில் விழுந்தால் கடைசிப் பணம் கையில் வருமா என்பதே கேள்வி.

அந்த மில்லில் மாதவிடாய் வலி வந்தால்? 2019-ல் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற செய்தி ஸ்தாபனம் தமிழ்நாட்டு நூல், ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்து ஒரு விவரத்தை வெளியிட்டது. வயிற்று வலி என்று சொன்னவர்களுக்கு மேஸ்திரிகளே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெயர்ச் சீட்டு இல்லாத மாத்திரை! என்ன மருந்து, என்ன பின்விளைவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் பார்க்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்கள். உற்பத்தி நிற்கக்கூடாதல்லவா?

தொடரைப் பார்த்தீர்களா, தோழர்களே? 13 வயசில் "தீட்டு" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம். 16 வயசில் அதே பெண் மில்லில் நிற்கிறாள். அங்கே தீட்டும் இல்லை, விலக்கும் இல்லை, மாத்திரை இருக்கிறது! கரும்பலகைக்கு முன்னால் உட்காரத் தகுதியில்லை என்று சொன்ன அதே உடம்பு, கதிர் முன்னால் பத்து மணி நேரம் நிற்பதற்கு மட்டும் எப்படித் தகுதியாயிற்று? சாஸ்திரம் கூலிக்காரன் வீட்டுப் பெண்ணைப் படிப்பிலிருந்துதான் தடுக்கிறது. வேலையிலிருந்து ஒருநாளும் தடுத்ததில்லை.

படித்திருந்தால் அவள் கேட்டிருப்பாள், "இது என்ன மாத்திரை?" என்று. படிக்காத பெண் என்றால் கூலி குறைவு, கேள்வியும் குறைவு. அவள் கூலி குறைந்தால் அந்த மில்லில் உன் கூலியும் ஏறாது. ஆகவே இது பொம்பளை சமாச்சாரம் மட்டுமல்ல.

சர்க்கார் என்ன செய்தது? எது போதவில்லை?

செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. தமிழ்நாட்டில் "புதுயுகம்" திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டு அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. 10 வயசிலிருந்து 19 வயசு வரையுள்ள கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கினும், இரும்புச் சத்து மாத்திரையும். பல மாநிலங்கள் யோசிக்காத காலத்தில் இதைச் செய்தது நல்ல காரியம்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட். ஒரு பாக்கெட்டில் ஆறு. வருஷத்துக்கு 18 பாக்கெட், 108 நாப்கின். மாதத்துக்கு ஒன்பது. நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது டாக்டர் சொல்லுகிற கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று என்று சிக்கனமாக வைத்தாலும் ஒன்பது மூன்று நாளுக்குத்தான் காணும். ஐந்து நாள் போகிற பிள்ளை மீதி இரண்டு நாளுக்கு என்ன செய்வாள்? அளவைக் கூட்ட வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல, கூட்டல் கணக்கு.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கின் மேல் 12 சதவிகித வரி போட்டது. குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை! நாடு முழுவதும் பெண்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து, 2018 ஜூலையில், வரியை எடுத்தது. தானாக எடுக்கவில்லை, கேட்டதால் எடுத்தது. இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச நாப்கினும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது. 2023 ஏப்ரலில், நாடு முழுவதற்கும் ஒரே சீரான கொள்கை வகுக்கும்படி மத்திய சர்க்காருக்குக் கோர்ட்டு சொன்னது. 2026 ஜனவரி 30-ல் தீர்ப்பு வந்தது. மாதவிடாய்ச் சுகாதாரம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கியது என்றது தீர்ப்பு. பள்ளிக்கூடங்களில் இலவச நாப்கினும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. கழிப்பறை வேம்பாரிலும் புன்னைக்காயலிலும் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் இருந்தும் அந்தக் கூலியை நாம் எப்படி வாங்கினோம்? சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றதால்தான்.

நாப்கின் மட்டும் போதுமா?

போதாது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நேபாளத்தில் சித்வன் பகுதியில் இரண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் ஒரு சோதனை நடத்தி 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சில மாணவிகளுக்கு மாதவிடாய்க் கிண்ணம் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டை ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கொடுத்த பொருள் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, பயன்படுத்தினார்கள். பள்ளிக்கு வரும் நாள் மட்டும் கூடவில்லை.

நம் நாட்டில் பள்ளிக்கூடக் கழிப்பறைகளைப் பற்றி சிக்காகோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் அஞ்சலி அடுகியா செய்த ஆய்வு 2017-ல் வெளியாயிற்று. கழிப்பறை கட்டிய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சேருவது கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கழிப்பறை இருந்தாலே போதுமாக இருந்தது. வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கோ, பெண்களுக்கென்று தனியாக இருந்த இடத்தில்தான் பலன் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கையில் நாப்கினைக் கொடுத்துவிட்டு, மாற்ற இடம் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம்? இடம் இருந்து தாழ்ப்பாள் இல்லாவிட்டால்? தாழ்ப்பாள் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால்? தண்ணீர் இருந்து, கழித்துப் போட மூடி போட்ட வாளி இல்லாவிட்டால்? எல்லாம் இருந்து, சுத்தம் செய்ய ஆள் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அந்தச் சுத்தம் செய்கிற தொழிலாளி யார்? அவளும் நம் வர்க்கத்துப் பெண்தான். அவளுக்கு நியாயமான சம்பளம் கிடைப்பதும் பெண் கல்விக் கோரிக்கையில் ஒரு பகுதி.

துணி உபயோகிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. சுத்தமான பருத்தித் துணி நல்லதுதான். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஆனால் நம் பெண்கள் அதை எங்கே உலர்த்துகிறார்கள்? யார் கண்ணிலும் படக்கூடாது என்று சேலைக்கு அடியில், மூலையில், ஈரத்தோடு. அந்த ஈரத்தில்தான் நோய் பிறக்கிறது. தூத்துக்குடி வெயில் உலகத்துக்கே உப்பு விளைவிக்கிறது. ஒரு முழத் துணியை உலர்த்த மட்டும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வெயில் கிடைப்பதில்லை! குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் தெருவில், துணி அலசத் தண்ணீர் கேட்கவும் அவளுக்கு வாய் வருவதில்லை.

படிப்பு நிற்பதற்கு மாதவிடாய் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முதல் காரணம் வறுமை. அடுத்த காரணம் தூரம். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தால், "வயசுப் பிள்ளையை எப்படி பஸ்ஸில் அனுப்புவது?" என்ற பயம். அதற்கடுத்து, "சமைஞ்ச பிள்ளை, சீக்கிரம் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவோம்" என்ற அவசரம். பிள்ளை வயசுக்கு வந்த அந்த ஒரு நாளில் இத்தனை காரணங்களும் ஒன்றாகக் கைகோர்த்து வாசலில் வந்து நிற்கின்றன. அந்த ஒரு நாளைக் கடத்திவிட்டால், அந்த ஒரு வருஷத்தைக் கடத்திவிட்டால், பிள்ளை பத்தாம் வகுப்புத் தாண்டிவிடுவாள். சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் வந்திருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்பில் நின்ற பிள்ளை அந்த ஆயிரம் ரூபாயை எங்கே போய் வாங்குவாள்?

லீவு கேட்டால் வேலை போகுமா?

மில் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "மாதவிடாய்க்கு லீவு கேட்டால் முதலாளி பெண்களையே எடுக்கமாட்டானே?" நியாயமான கேள்வி. பிரசவ லீவு கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். லீவு வந்தது, பெண்களும் மில்லில் இருக்கிறார்கள்.

ஜப்பானில் பெண் தொழிலாளர்கள் வெகு காலம் கேட்டு, 1947-ம் வருஷத் தொழிலாளர் சட்டத்திலேயே இந்த லீவைப் பெற்றார்கள். பீகாரில் 1992-லிருந்து சர்க்கார் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் உண்டு. கேரளத்தில் 2023-ல் சர்வகலாசாலை மாணவிகளுக்கு வருகைப் பதிவில் சலுகை கொடுத்தார்கள். கர்நாடகத்தில் 2025 அக்டோபரில், தனியார் தொழிற்சாலைகளையும் சேர்த்து, வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு என்று மந்திரிசபை முடிவெடுத்தது.

ஆனால் அளத்துப் பெண்ணுக்கும் வயல் பெண்ணுக்கும் லீவு என்ற சொல்லே கிடையாது. வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள். அவர்களுக்கு முதல் தேவை, வேலை இடத்தில் நாலு சுவர், ஒரு கதவு, ஒரு வாளி தண்ணீர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ம் வருஷத்திய தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அளத்துக்கு அந்தக் கதவு இன்னும் வந்து சேரவில்லை என்றால் யார் வெட்கப்பட வேண்டும்? கறை பட்ட பெண்ணா, கதவு போடாத முதலாளியா?

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

முதலாளியையும் சர்க்காரையும் கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மேடையில் சமத்துவம் பேசுகிற நாம், வீட்டில் மகளுக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் போடவில்லையா? தீண்டாமையை எதிர்த்து ஊர்வலம் போகிற நாம், மாதம் மூன்று நாள் நம் வீட்டுக்குள்ளேயே அதை அனுமதிக்கவில்லையா? கடன் வாங்கிச் சடங்கு வைக்கிறோம், பந்தல் போடுகிறோம், மைக் செட் கட்டுகிறோம். அந்தக் கடனை அடைக்க அதே பிள்ளையை மில்லுக்கு அனுப்புகிறோம்! இதைவிடக் கொடுமை உண்டா?

நம் கிழவிகள் செய்த ஒரு நல்ல காரியம் உண்டு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். உடம்புக்குப் பலம் வேண்டும் என்று அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்தக் களியை வைத்துக்கொள்வோம். குடிசையை விட்டுவிடுவோம். களியைத் தின்றுவிட்டு மூன்றாம் நாளே பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்!

வெட்கப்படுகிற ஆண் தோழர்களுக்கு ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்லுகிறேன். கோவை அருணாச்சலம் முருகானந்தம். 14 வயசில் படிப்பு நின்று பட்டறை வேலைக்குப் போனவர். மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து, மலிவான நாப்கின் செய்ய முனைந்தார். சோதித்துப் பார்க்கப் பெண்கள் முன்வரவில்லை. கால்பந்தின் பிளாடரில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். ஊர் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்றது. மனைவியும் தாயும்கூடக் கொஞ்ச காலம் பிரிந்து போனார்கள். அவர் விடவில்லை. அவர் செய்த சின்ன மெஷின் பல மாநிலங்களில் பெண்கள் குழுக்களின் கையில் ஓடுகிறது. 2016-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு பட்டறைத் தொழிலாளி இத்தனை அவமானத்தைத் தாங்கினார். நாம் ஒரு கூட்டத்தில் வாய் திறந்து பேசக் கூடாதா?

எட்டயபுரத்தை நினையுங்கள்

1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில், நம் மாவட்டத்திலேதான், காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன் பிள்ளையின் பசி யாருடைய கவலை? தாயின் கவலை, வீட்டுச் சமாச்சாரம். அன்றைக்குப் பிறகு அது பள்ளிக்கூடத்தின் பொறுப்பாயிற்று. பசியோடு வந்த பிள்ளைக்குச் சோறு போடுவது பள்ளிக்கூடத்தின் கடமை என்று ஒப்புக்கொண்டோம். பிச்சை என்று யாரும் சொல்லவில்லை. அதேபோல வயசுக்கு வந்த பிள்ளைக்கு நாப்கினும் தண்ணீரும் கதவும் கொடுப்பதும் பள்ளிக்கூடத்தின் கடமையே. கரும்பலகைபோல, சாக்பீஸ்போல, சத்துணவுபோல.

ஆகவே, தோழர்களே, கோரிக்கைகளை வைப்போம்:

1. நம் பகுதிப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. தாழ்ப்பாளும் தண்ணீரும் மூடி போட்ட வாளியும். அதைச் சுத்தம் செய்ய நியாயமான சம்பளத்தில் ஆள்.

2. மாதம் ஒன்பது போதாது. ஐந்து நாளுக்கும் காணுகிற அளவு நாப்கின். கேட்டு வாங்கும் கூச்சமின்றி, எடுத்துக்கொள்ளும் இடத்தில்.

3. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்த வகுப்பிலேயே இந்த உடற்கூறு பாடம்.

4. உப்பளம், மில், மீன் கம்பெனி எங்கும் பெண்களுக்குக் கழிப்பிடமும் நிழலும் குடிதண்ணீரும். டாக்டர் சீட்டு இல்லாமல் மேஸ்திரி மாத்திரை கொடுப்பது குற்றம் என்று நடவடிக்கை.

5. பிள்ளை பதினைந்து நாள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால், மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பது.

ஐந்தாவது கோரிக்கை சர்க்காருக்கு அல்ல. நமக்கு.

1908 பிப்ரவரி 27-ல் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. அவர்களோடு நின்றார். ஒன்பது நாள் போராட்டத்தில் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் பெற்றார்கள். "கூலிக்காரனுக்கு எதற்கு ஓய்வு நாள்?" என்று அன்றைக்கும் சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு யாரும் சிரிப்பதில்லை.

இந்தக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. கடலுக்கடியில் மூச்சடக்கி முத்தெடுத்தவன் கைக்கு முத்தின் பெரும்பங்கு வரவில்லை. குத்தகைக்காரன் பெட்டிக்குப் போயிற்று. இப்போது நம் வீட்டிலேயே, எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் குத்தகைக்காரனுக்குக் கொடுத்துவிடப் போகிறோமா?

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் விஷயமாக எழுதுங்கள். பேசப் பெண் தோழர்களை அழையுங்கள். ஆண் தோழர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொல்லுங்கள்: "பையை எடு தாயி. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்."